எந்தச் செல் எப்போது மாறும்? 'ஸ்டெம் செல்' பவுடருக்குப் பணம் கட்டும் முன்

"உங்கள் உடம்பிலுள்ள செல்கள் எல்லாம் 7 ஆண்டுக்கு ஒரு முறை முழுதாக மாறிவிடும். அந்த மாற்றத்தை இந்த ஸ்டெம் செல் பவுடர் விரைவாக்கும்." (ஸ்டெம் செல் என்றால், பிரிந்து புதுச் செல்களைத் தரும் மூலச் செல்.) இந்த இரண்டு வரிகளும் எப்போதும் ஜோடியாகவே வருகின்றன. கோலாலம்பூரிலும் சுற்றுவட்டாரத்திலும் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகின்றன. நேரடி விற்பனைக் கூட்டங்களில் திரையில் படம் போட்டும் சொல்லப்படுகின்றன. இனிப்புநீர் என்னும் நீரிழிவா, மூட்டுவலியா, பக்கவாதமா, எதைச் சொன்னாலும் அதே பவுடர்தான். கிளினிக்கில் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் கரைத்துக் குடிப்பவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் இதைக் கேட்டும் கேட்காமலும் விட்டுவிட முடியவில்லை.

முதல் வரி அரைகுறை உண்மை. இரண்டாவது வரிக்கு ஆதாரமே இல்லை. ஏன் என்று புரிய, செல் எப்படி வளர்கிறது, எப்போது பிரிகிறது, யார் சொல்லிப் பிரிகிறது என்று அடியிலிருந்து பார்க்க வேண்டும்.

## செல் ஏன் பிரிய வேண்டும்?

செல்லைத் தமிழில் உயிரணு என்கிறோம். 1665இல் ராபர்ட் ஹூக் என்ற ஆங்கில அறிஞர் தக்கையை மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். அறை அறையாகத் தெரிந்ததால் 'செல்' என்று பெயர் வைத்தார். தக்கையும் ஒரு மரப்பட்டைதான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டைக்கு மறுபடியும் வருவோம்.

செல் எங்கிருந்து வருகிறது என்பதற்கு விடை கிடைக்க மேலும் 190 ஆண்டுகள் ஆயின. ஒவ்வொரு செல்லும் இன்னொரு செல்லிலிருந்தே பிறக்கிறது என்று ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ 1855இல் அழுத்தமாக எழுதினார். இன்றுவரை இதற்கு விலக்கு இல்லை. உங்கள் உடம்பில் புதிதாக ஒரு செல் வேண்டுமென்றால் உங்கள் செல் ஒன்றுதான் பிரிய வேண்டும். டப்பாவிலிருந்து வந்து சேராது.

வளர்ந்த ஒருவரின் உடம்பில் ஏறத்தாழ 30 லட்சம் கோடி செல்கள் உள்ளன. அவற்றில் நாளொன்றுக்கு சுமார் 33,000 கோடி செல்கள் இறந்து, அந்த இடத்துக்குப் புதியவை வருகின்றன. நொடிக்கு 38 லட்சம் என்று கணக்கு. மலேசியாவின் மொத்த மக்கள்தொகை அளவுக்குச் செல்கள் மாற 9 நொடி போதும். இதில் பெரும்பங்கு இரத்தச் செல்கள்.

ஒரு செல் தொடர்ந்து பெரிதாகிக்கொண்டே போகாமல் ஏன் இரண்டாகப் பிரிகிறது? கறிக்கு உருளைக்கிழங்கை முழுசாகப் போட்டால் உள்ளே வேக நேரமாகும். துண்டு போட்டால் சீக்கிரம் வேகும். துண்டு போடும்போது மேற்பரப்பு கூடுகிறது. செல்லுக்கும் அதேதான். உணவும் ஆக்சிஜனும் அதன் மேற்பரப்பு வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். அகலம் இரண்டு மடங்கானால் மேற்பரப்பு 4 மடங்காகும், ஆனால் உள்ளே இருக்கும் கொள்ளளவு 8 மடங்காகிவிடும். வாசல் போதாமல் போகும்.

வளர்ச்சி என்பதில் இரண்டு வேலைகள் கலந்திருக்கின்றன, அவற்றைப் பிரித்துப் பார்ப்பது முக்கியம்.

1. பருப்பது. செல் தன் அளவில் பெரிதாவது. இதற்குப் புரதம் வேண்டும். புரதத்தைக் கோர்த்துக் கட்டும் பட்டறைக்கு ரைபோசோம் என்று பெயர். அதன் அமைப்பை அணு அணுவாகக் காட்டியதற்காக 2009இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர், சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன்.

2. பெருகுவது. செல்களின் எண்ணிக்கை கூடுவது. குழந்தை வளர்வது பெரும்பாலும் இப்படி.

ஜிம்முக்குப் போகிறவரின் கை பருப்பது முதல் வகை: தசைநார்கள் தடிக்கின்றன. உடம்பு இளைத்தாலும் இப்படித்தான்: கொழுப்புச் செல்கள் சுருங்குகின்றன, எண்ணிக்கை அவ்வளவாகக் குறைவதில்லை. இளைத்த உடம்பு மறுபடி பருமனாவது ஏன் அவ்வளவு எளிது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

## ஒன்று இரண்டாகும் ஒரு நாள்

ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்படும் மனிதச் செல் ஒன்று பிரிந்து முடிய ஏறத்தாழ 24 மணி நேரம் எடுக்கும். அந்த ஒரு நாளை நான்கு கட்டமாகப் பிரிக்கலாம்.

1. பருக்கும் கட்டம், சுமார் 11 மணி நேரம். சத்து இருக்கிறதா, இடம் இருக்கிறதா, 'பிரியலாம்' என்ற செய்தி அக்கம்பக்கத்துச் செல்களிடமிருந்து வந்திருக்கிறதா என்று செல் சரிபார்க்கிறது. வரவில்லையென்றால் ஓய்வுக்குப் போய்விடும். நம் உடம்புச் செல்களில் மிகப் பெரும்பாலானவை இந்த ஓய்வில்தான் இருக்கின்றன.

2. நகலெடுக்கும் கட்டம், சுமார் 8 மணி நேரம். செல்லுக்கான கட்டளைகள் எழுதப்பட்ட டிஎன்ஏ இழை 46 குரோமோசோம்களாகச் சுருண்டிருக்கிறது. அது முழுவதும் எழுத்துக்கு எழுத்து படியெடுக்கப்படுகிறது. மொத்தம் 600 கோடி எழுத்துகளுக்கு மேல்.

3. பிழை திருத்தும் கட்டம், சுமார் 4 மணி நேரம்.

4. பிரியும் கட்டம், ஏறத்தாழ 1 மணி நேரம். குரோமோசோம்கள் நடுவில் வரிசையாக நின்று, இரு பக்கமும் இழுக்கப்பட்டு, செல் இடுப்பில் இறுகி இரண்டாகிறது.

பள்ளிப் பாடப்புத்தகங்கள் நான்காவது கட்டத்தையே படம் படமாகப் போடும். பார்க்க அழகானதும் அதுதான். ஆனால் நோய்களைப் புரிந்துகொள்ள முதல் மூன்றில் உள்ள காவல்தான் முக்கியம். ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் அடுத்ததற்குப் போகும் முன் ஒரு சோதனைச்சாவடி உண்டு. இந்தக் கட்டங்களை இயக்கும் முக்கியக் கட்டுப்பாடுகளைக் கண்டறிந்ததற்காக லேலண்ட் ஹார்ட்வெல், டிம் ஹன்ட், பால் நர்ஸ் ஆகிய மூவருக்கு 2001இல் நோபல் பரிசு கிடைத்தது. 'பிரியாதே' என்று தடுப்பதற்குச் செல் எவ்வளவு பாடுபடுகிறது என்பதை அறிந்தவருக்கு, பிரிவதை 'விரைவாக்கும்' பொருள் என்ற விளம்பரமே கலக்கத்தைத் தரும்.

மனிதனுக்கு 46 குரோமோசோம் என்ற எண்ணைச் சரியாக எண்ணிச் சொன்னவர் நம் பக்கத்துக்காரர்: ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் தியோ. 1955 டிசம்பரில் சுவீடனில் அதைப் பார்த்தார், அடுத்த ஆண்டு வெளியிட்டார். அதுவரை 48 என்றே புத்தகங்களில் இருந்தது.

## 7 ஆண்டுக் கதை எங்கே தவறுகிறது?

1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் திறந்த வெளியில் அணுகுண்டு வெடித்துச் சோதித்தன. அதனால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கரிமம் ஏறத்தாழ இரண்டு மடங்காகியது. 1963இல் உடன்படிக்கை வந்து திறந்தவெளிச் சோதனைகள் பெரும்பாலும் நின்ற பிறகு அது ஆண்டுதோறும் குறைந்துவந்தது. செடி அந்தக் காற்றை உண்டது, மனிதன் செடியை உண்டான். ஒரு செல் பிறக்கும்போது அதன் டிஎன்ஏவில் அந்த ஆண்டுக்குரிய கார்பன்-14 அளவு பதிந்துவிடும். செல் மறுபடி பிரியாதவரை அந்த முத்திரை மாறாது.

சுவீடனின் கரோலின்ஸ்கா கழகத்தைச் சேர்ந்த யோனாஸ் ஃபிரிசென் குழுவினர் 2005 முதல் இந்த முத்திரையைப் படித்துச் செல்களின் வயதைக் கணித்தார்கள். மனிதரைக் கொல்லச் செய்த குண்டு, மனித உடம்பின் கடிகாரத்தைப் படிக்க உதவியது. அந்த ஆய்வுகளும் வேறு வழிகளில் கிடைத்த கணக்குகளும் சேர்ந்து காட்டுவது இது:

1. சிறுகுடலின் உட்பூச்சு: 3 முதல் 5 நாள்.
2. இரத்தத் தட்டணுக்கள்: 7 முதல் 10 நாள்.
3. மேல்தோல்: ஒரு மாதத்துக்குச் சற்றுக் கூடுதல்.
4. சிவப்பணுக்கள்: சுமார் 120 நாள்.
5. கொழுப்புச் செல்களும் எலும்பும்: ஆண்டுக்கு ஏறத்தாழ 10 சதவீதம் புதுப்பிக்கப்படுகின்றன.
6. இதயத் தசைச் செல்கள்: 25 வயதில் ஆண்டுக்கு சுமார் 1 சதவீதம், 75 வயதில் அதில் பாதிக்கும் குறைவு. வாழ்நாள் முழுவதையும் கூட்டினாலும் பாதிச் செல்கள்கூட மாறுவதில்லை.
7. மூளைப் புறணியின் (மூளையின் வெளி அடுக்கின்) நரம்புச் செல்கள்: உங்கள் வயதே அவற்றின் வயது.

இத்தனை வேறுபாட்டையும் சேர்த்துச் சராசரி எடுத்து '7 ஆண்டு' என்பது, 70 வயதுப் பாட்டியும் 2 வயதுப் பேத்தியும் இருக்கிற வீட்டில் எல்லோருக்கும் 36 வயது என்பதுபோல.

கடைசி இரண்டு எண்களில்தான் உயிர் இருக்கிறது. இதயத் தசையும் மூளை நரம்பும் போனால் வருவது மிகக் கடினம் என்பதால்தான் மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் நிமிடக் கணக்குப் பார்க்கிறார்கள். மூளையில் இரத்தக்கட்டி அடைத்த பக்கவாதத்துக்கு அதைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். வாய் கோணிப் பேச்சுக் குழறியவரை வீட்டில் வைத்துக்கொண்டு 'செல் புதுப்பிக்கும்' நீர் கொடுத்துப் பார்ப்பது, அந்த 4.5 மணி நேரத்தைக் கொட்டிக் கவிழ்ப்பதாகும்.

மாறாத செல் என்றால் பழுதடைந்தபடியே கிடக்கிற செல் என்று பொருளில்லை. நரம்புச் செல் மாறாவிட்டாலும் அதனுள் இருக்கும் புரதங்கள் ஓயாமல் பிரிக்கப்பட்டுப் புதிதாகக் கட்டப்படுகின்றன. சுவர் அதே சுவர், செங்கல் மட்டும் ஒவ்வொன்றாக மாறுகிறது.

பெண்களின் கருமுட்டைச் செல்கள் இன்னும் வியப்பானவை. பெண் குழந்தை தாய் வயிற்றில் இருக்கும்போதே அவள் வாழ்நாளுக்கான முட்டைச் செல்கள் உருவாகிவிடுகின்றன. அப்படியென்றால், உங்களை உருவாக்கிய அந்த ஒரு செல், உங்கள் அம்மா பாட்டியின் வயிற்றில் இருந்தபோதே இருந்தது. பாட்டி நிறைமாதத்திலும் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போனவர் என்றால், நீங்கள் ஒரு வகையில் அந்த மர வரிசையில் நடந்தவர்.

## பால்மரத்துப் பட்டையும் நம் தோலும்

இங்குள்ள தமிழர் பலருக்கு ஸ்டெம் செல்லை விளக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை, ரப்பர் மரம் போதும்.

உளியால் பட்டையைச் சீவும்போது பால் வருவது உள்பட்டையில் ஓடும் பால்குழாய்களிலிருந்து. அதற்கும் உள்ளே, கட்டையை ஒட்டி, கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய ஓர் அடுக்கு இருக்கிறது. கேம்பியம் என்று பெயர். மரத்தில் வெளிப்பக்கம் பட்டையையும் உள்பக்கம் கட்டையையும் உண்டாக்குவது அதுதான். கை பழகியவர் கேம்பியத்துக்கு முன்னால் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைத்துச் சீவுவார். அப்படிச் சீவிய இடத்தில் சில ஆண்டுகளில் புதுப் பட்டை வளர்ந்து மறுபடியும் பால் கொடுக்கும். உளி ஆழமாக இறங்கிக் கேம்பியத்தில் பட்டால் மரத்தில் காயம். அந்த இடம் முண்டும் முடிச்சுமாகப் போய்விடும், பிறகு ஒழுங்காக வெட்ட முடியாது. காயம் போட்டவருக்குக் கங்காணியிடம் வசவு நிச்சயம். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் ஹென்றி ரிட்லி 1890களில் வகுத்துத் தந்த சீவும் முறையின் முழு நுட்பமே இதுதான்: எடுக்கலாம், ஆனால் வளர்க்கும் அடுக்கைத் தொடக் கூடாது.

நம் உடம்பில் கேம்பியத்தின் இடத்தில் இருப்பவைதான் ஸ்டெம் செல்கள். தமிழில் குருத்தணு என்று எழுதுகிறார்கள், பொருத்தமான சொல். தென்னையின் குருத்தை வண்டு தின்றுவிட்டால் ஓலை எத்தனை பச்சையாக இருந்தாலும் மரம் பிழைக்காது.

குருத்தணுவின் தனித்தன்மை அது பிரியும் விதத்தில் இருக்கிறது. இரண்டாகும்போது ஒன்று குருத்தணுவாகவே இருப்பில் தங்கும், இன்னொன்று வேலைக்குப் போகும். வேலைக்குப் போனது மளமளவென்று பலமுறை பிரிந்து, தோலாகவோ குடல் பூச்சாகவோ சிவப்பணுவாகவோ மாறி, தன் காலம் முடிந்ததும் உதிரும். உழைப்பு முழுக்க வெளியே போனவற்றுடையது. இருப்பில் உள்ளவை பெரும்பாலும் அமைதியாக இருக்கின்றன. எலும்பு மஜ்ஜையில் உள்ள இரத்தக் குருத்தணு ஒன்று ஆண்டுக்கு ஓரிரு முறைதான் பிரிகிறது என்று மதிப்பிடுகிறார்கள். ஒவ்வொரு முறை படியெடுக்கும்போதும் பிழை நேர வாய்ப்பு உண்டு என்பதால் மூலப்படியை அடிக்கடி தொடாமல் வைத்திருக்கும் ஏற்பாடு இது.

தைப்பூசத்துக்கு பத்துமலையில் மொட்டை போட்டுக்கொள்ளும் குழந்தையின் தலையில் அடுத்த வாரமே முடி அரும்புவது ஏன்? கத்தி எடுத்தது இறந்துபோன முடியை மட்டும். வளர்க்கும் செல்கள் தோலுக்குள்ளே முடிக்குழியின் அடியில் பத்திரமாக இருக்கின்றன. அவை உடம்பிலேயே மிக வேகமாகப் பிரியும் செல்களில் சேர்ந்தவை. மாதம் ஒரு சென்டிமீட்டர் முடி அவற்றின் உழைப்பு. மொட்டை போட்டால் முடி அடர்த்தியாகும் என்பது மட்டும் சரியல்ல. கத்தி அந்த ஆழத்துக்குப் போவதே இல்லை.

## 120 நாளும் ஒரு சோதனையும்

அரசு மருத்துவ நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் இனிப்புநீர்க்காரர்களுக்கு எடுக்கும் எச்பிஏ1சி சோதனை, செல்லின் ஆயுளை அப்படியே பயன்படுத்திக்கொள்கிறது.

இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால் அது சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது அந்தச் சிவப்பணு சாகும்வரை பெரும்பாலும் உதிராது. சிவப்பணு வாழ்வது சுமார் 120 நாள். எனவே ஒரு துளி இரத்தத்தில் நேற்றுப் பிறந்த சிவப்பணுவும் இருக்கும், 4 மாதக் கிழமும் இருக்கும். எத்தனை சதவீத ஹீமோகுளோபினில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று அளந்தால் கடந்த 2, 3 மாதக் கதை தெரிந்துவிடும். கடைசி ஒரு மாதத்தின் பங்கு அதில் அதிகம்.

இதிலிருந்து மூன்று விளைவுகள்:

1. 'அப்பாயிண்ட்மெண்ட்' நெருங்கும் மூன்று நாளில் மட்டும் இனிப்பை நிறுத்தினால் விரல் நுனிச் சோதனை அழகாக வரலாம். எச்பிஏ1சி ஏமாறாது.

2. இன்று உணவை மாற்றினால் அடுத்த வாரமே எண் இறங்கவில்லை என்று மனம் தளர வேண்டாம். பழைய சிவப்பணுக்கள் உதிர்ந்து புதியவை வர மாதக் கணக்காகும்.

3. தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் குறைபாடு போன்ற காரணங்களால் சிவப்பணுக்கள் சீக்கிரமே சாகிறவர்களுக்கும், அண்மையில் நிறைய இரத்தம் இழந்தவர்களுக்கும் எண் உண்மையைவிடக் குறைவாகக் காட்டலாம். குடும்பத்தில் தலசீமியா இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

2019இல் எடுத்த தேசிய உடல்நல ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 சதவீதத்தினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களிடையே ஏறத்தாழ பத்தில் மூவருக்கு. நம் ஆட்களுக்கு இது பக்கத்து வீட்டுச் செய்தி இல்லை. அதனால்தான் அடுத்த பகுதி முழுவதும் இதைப் பற்றியே.

## காலில் பட்ட புண் ஏன் ஆறுவதில்லை?

தோல் கிழிந்ததும் வேலை வரிசையாக நடக்கிறது. தட்டணுக்கள் அடைத்து இரத்தத்தை நிறுத்தும். வெள்ளணுக்கள் வந்து கிருமியையும் செத்த செல்களையும் துப்புரவு செய்யும். புதிய சிறு இரத்தக்குழாய்கள் முளைக்கும். புண்ணின் ஓரத்திலுள்ள தோல் செல்கள் பிரிந்து, நடுவை நோக்கி ஊர்ந்து வந்து, எதிர்ப்பக்கத்துச் செல்லைத் தொட்டதும் நின்றுவிடும். அந்தக் கடைசிச் செயலைக் கவனியுங்கள்: நிற்கத் தெரிந்திருப்பதுதான் ஆரோக்கியமான செல்லின் அடையாளம்.

நீண்ட நாள் சர்க்கரை மிகுந்திருந்தால் இந்த வரிசையில் ஒவ்வொரு கண்ணியும் தளர்கிறது. பாத நரம்புகள் மரத்துப்போவதால் ஆணி குத்தியதே தெரியாது. சிறு இரத்தக்குழாய்கள் கெட்டுப்போவதால் சத்தும் ஆக்சிஜனும் போய்ச் சேராது. வெள்ளணுக்கள் மந்தமாகிவிடும். தோல் செல்கள் பிரியத் தயாராகவே இருக்கின்றன. ஆனால் அவற்றின் முதல் சோதனைச்சாவடியில் கேட்கிற சத்தும் செய்தியும் வந்து சேர்வதில்லை. அப்படிப்பட்ட பாதத்துக்குத் தேவை மேலும் குருத்தணு இல்லை. சர்க்கரை இறங்க வேண்டும், இரத்த ஓட்டம் சரியாக வேண்டும், புண் சுத்தமாக இருக்க வேண்டும்.

தைப்பூசத்தில் வெறுங்காலோடு வெயில் தாரில் நடப்பவர்களில் இனிப்புநீர் உள்ளவர்களும் உண்டு. வேண்டுதலை யாரும் தடுக்கச் சொல்லவில்லை. வீடு திரும்பியதும் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர் கண்ணாடி வைத்தோ பிள்ளைகளை விட்டோ பார்க்கலாம். கொப்புளம் ஒன்று இருந்தாலும் மறுநாளே காட்டிவிடுவது, பின்னால் விரலையோ காலையோ எடுக்க நேர்வதைவிட எவ்வளவோ மேல்.

## நிற்கத் தெரியாத செல்

டிஎன்ஏவைப் படியெடுக்கும் நொதி தன் பிழையைத் தானே திருத்தும். தப்பியதை இன்னொரு குழு திருத்தும். எல்லாம் முடிந்த பிறகு ஏறத்தாழ 100 கோடி எழுத்துக்கு ஒரு பிழைதான் மிஞ்சும். மிக நல்ல எண். ஆனால் எழுதுவது 600 கோடி எழுத்து, அதுவும் கோடானுகோடி செல்களில். திருத்த முடியாத அளவுக்குச் சேதமான செல்லை நிறுத்தவோ தானாகச் சாகச் செய்யவோ பி53 என்ற புரதம் இருக்கிறது. பி53ஐத் தரும் மரபணுவிலேயே பிழை விழுந்தால் அந்தக் காவல் போகும். இப்படிப் பல காவல்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் போய், தடை சொன்னாலும் கேட்காமல் பெருகும் செல் கூட்டத்தைத்தான் புற்றுநோய் என்கிறோம்.

சாதாரணச் செல்லுக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. மனிதச் செல்கள் சுமார் 40 முதல் 60 முறை பிரிந்ததும் ஓய்ந்துவிடுகின்றன என்று லெனார்ட் ஹேஃப்ளிக்கும் பால் மூர்ஹெட்டும் 1961இல் காட்டினார்கள். குரோமோசோமின் நுனியில் உள்ள டெலோமியர் ஒவ்வொரு பிரிவிலும் சற்றுத் தேய்வதே காரணம். டெலோமியரை நீளமாக்கி இளமை தருகிறோம் என்ற விளம்பரங்களும் இப்போது வருகின்றன. டெலோமியரைத் தேயாமல் காத்துக்கொள்ளும் வித்தையைப் பெரும்பாலான புற்றுச் செல்கள் ஏற்கெனவே கற்றுக்கொண்டுவிட்டன என்பதை அந்த விளம்பரங்கள் சொல்வதில்லை.

நம் வீடுகளுக்கு நெருக்கமான இரண்டு எடுத்துக்காட்டுகள்:

1. கருப்பை வாய்ப் புற்று. எச்பிவி கிருமி தானாகப் பெருக முடியாது. செல்லின் படியெடுக்கும் பட்டறை அதற்கு வேண்டும். அதனால் பி53ஐ அழித்துச் செல்லைப் பிரிய வைக்கிறது. மலேசியாவில் 13 வயது மாணவிகளுக்குப் பள்ளியிலேயே இதற்கான தடுப்பூசி 2010 முதல் போடப்படுகிறது. ஒப்புதல் படிவம் வந்தால் கையெழுத்துப் போடத் தயங்க வேண்டாம்.

2. வாய்ப் புற்று. இந்நாட்டில் இது இந்தியர்களிடையே அதிகம். பாக்கு தன்னளவிலேயே புற்றுநோயை உண்டாக்கும் பொருள், புகையிலை சேர்ந்தால் இன்னும் மோசம். வாயின் உட்பூச்சு ஏறத்தாழ இரண்டு வாரத்தில் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். சுடச்சுடத் தே தாரிக் குடித்துப் பொத்துப்போன வாய் சில நாளில் ஆறிவிடுவதும் அதனால்தான். எனவே 2 வாரத்துக்கு மேலும் ஆறாத புண்ணோ, வெள்ளைத் திட்டோ, சிவப்புத் திட்டோ இருந்தால் பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். வலி இல்லை என்பது ஆறுதல் அல்ல. தொடக்கத்தில் வலி இருக்காது.

கீமோதெரபி எடுப்பவருக்கு முடி கொட்டுவதும் வாய் புண்ணாவதும் வெள்ளணு குறைவதும் ஒரே காரணத்தால். வேகமாகப் பிரியும் செல்லைக் குறிவைக்கும் மருந்துக்கு முடிக்குழியும் வாய்ப் பூச்சும் எலும்பு மஜ்ஜையும் புற்றுச் செல்லைப் போலவே தெரிகின்றன. ஆழத்தில் அமைதியாக இருக்கும் குருத்தணுக்கள் பெரும்பாலும் தப்பிவிடுவதால் சிகிச்சை முடிந்ததும் முடி திரும்ப வருகிறது.

## பவுடருக்கு வருவோம்

ஸ்டெம் செல் சிகிச்சை என்று ஒன்றே இல்லை என்பதல்ல. இரத்தப் புற்றுக்கும் தலசீமியாவுக்கும் செய்யும் எலும்பு மஜ்ஜை மாற்றம் உண்மையான குருத்தணு சிகிச்சை. பல்லாண்டு அனுபவமும் ஆதாரமும் உள்ளது. அந்தப் பெயரின் மதிப்பைத்தான் மற்றவர்கள் கடன் வாங்குகிறார்கள். டப்பாவை நீட்டுபவரிடம் கேட்க வேண்டியவை:

1. எதன் ஸ்டெம் செல்? பெரும்பாலும் ஆப்பிள், திராட்சை போன்ற செடிகளுடையது. செடியின் செல் மனித உடம்பில் ஒருநாளும் மனிதச் செல்லாகாது. பவுடராக அரைத்த பிறகு அதில் உயிருள்ள செல் இருக்கவும் வழியில்லை. வயிற்றுக்குப் போனால் கீரையைப் போலச் செரித்துவிடும்.

2. எந்தச் செல்லைப் புதுப்பிக்கும்? குடல் பூச்சு 5 நாளில் தானே மாறுகிறது. மூளைப் புறணியின் நரம்புச் செல் மாறுவதே இல்லை. 'எல்லாச் செல்லையும்' என்று பதில் வந்தால் சொல்பவருக்கு விஷயம் தெரியவில்லை என்று பொருள்.

3. ஊசி மூலம் ஏற்றுவதாகச் சொன்னால்: எந்த நோய்க்கு, எந்த மருத்துவமனையில், சுகாதார அமைச்சின் எந்த ஒப்புதலோடு? எழுத்தில் கேளுங்கள்.

4. நோயைக் குணமாக்கும் என்று விளம்பரத்தில் இருக்கிறதா? இனிப்புநீர், புற்றுநோய், சிறுநீரக நோய் உள்ளிட்ட பல நோய்களைக் குணமாக்கும் என்று பொதுமக்களுக்கு மருந்து விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடுக்கிறது. அப்படியொரு வரி இருந்தாலே அது எச்சரிக்கை.

5. பதிவு எண் உண்டா? மருந்தும் சத்து மாத்திரையும் பாரம்பரிய மருந்தும் என்பிஆர்ஏ என்ற தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையில் பதிவாகியிருந்தால் 'மால்' (MAL) என்ற மூன்று ஆங்கில எழுத்தில் தொடங்கும் எண்ணும் ஒளிரும் பாதுகாப்பு ஒட்டியும் இருக்கும். அந்த எண்ணை முகமையின் இணையத்தளத்தில் தட்டிப் பார்க்கலாம், அல்லது டப்பாவைப் பக்கத்து ஃபார்மசியில் காட்டிக் கேட்கலாம். இலக்கங்களுக்கு அடுத்து வரும் எழுத்து வகையைச் சொல்லும்: பாரம்பரிய மருந்துக்கு 'டி' (T), சத்துப் பொருளுக்கு 'என்' (N).

பல டப்பாக்களில் அந்த எண்ணே இருக்காது, உணவுப் பொருள் என்ற பெயரில் விற்கப்படும். எண் இருந்தாலும் அந்த எழுத்து 'என்' (N) என்றால், அது சத்துப் பொருளாகப் பதிவானது என்று மட்டுமே பொருள். எச்பிஏ1சியை இறக்கும், காலைக் காப்பாற்றும், பக்கவாதத்தை மாற்றும் என்று சொல்ல அந்த எண் யாருக்கும் உரிமை தரவில்லை. கிளினிக்கில் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்லவும் தரவில்லை.